தேவரீரும் நீரும்

ஒருத்தியின் ஜெபத்தைக் கேட்டு எனக்குப் பொறாமை வந்தது. அவளுடைய சேலையையோ வீட்டையோ பார்த்து வந்திருந்தால் நாலு பேரிடம் சொல்லி ஆறியிருக்கலாம். போதகராவதற்குப் படிக்க வந்தவள், பக்கத்து வாங்கில் உட்கார்ந்து கண்ணை மூடியிருப்பவளின் ஜெபத்தைக் கேட்டு வயிறெரிந்தாள் என்று யாரிடம் போய்ச் சொல்வது? அதனால் இத்தனை காலமும் சொல்லவில்லை.

நான் படித்தது ஒரு சின்னஞ்சிறு பிரெஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரி. புளியங்கூடலுக்குப் போகிற வழியில், கனடாவுக்குப் போன குடும்பமொன்று விட்டுப்போன வீட்டில் அது நடந்தது. முதுமாணிப் பட்டத்துக்கு நாங்கள் ஆறு பேர். விரிவுரையாளர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வருவார். பஸ் பிந்தினால் எபிரேயமும் பிந்தும். படுக்கையறை நூலகம், விறாந்தை வகுப்பறை. எதிரொலி இல்லாத ஒரே அறை குசினி என்பதால் பிரசங்க வகுப்பு மட்டும் அங்கே. அடுப்படியில் கிடந்த கேத்திலைப் பார்த்துக்கொண்டு பாவமன்னிப்பைப் பற்றிப் பிரசங்கித்துப் பழகினோம்.

அதற்கு முன் நான் வேலணையில் பதினொரு வருடம் கணிதம் படிப்பித்தவள். சபையில் எல்லாருக்கும் நான் 'ரீச்சர்'. வேலணைத் தீவில் எங்கள் சபை சிறியது, வாக்குரிமை உள்ளவர்கள் ஐம்பது பேர்கூட வரமாட்டார்கள். அங்கேதான் எனக்கு ஞானஸ்நானம் தந்தார்கள். ஞாயிறு பள்ளி நடத்தியதும் அங்கேதான், ஹார்மோனியம் வாசித்ததும் அங்கேதான். அந்தச் சபையின் போதகர் ஓய்வு பெறப் போகிறார் என்று தெரிந்த பிறகுதான் நான் சம்பளத்தை விட்டுப் படிக்கவே வந்தேன். இதை விண்ணப்பத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தேன்.

எங்களுக்கு ஆயர் கிடையாது. மேலிருந்து ஒருவரும் ஆளை அனுப்புவதில்லை. போதகராக வர விரும்புகிறவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்யவேண்டும். சபை இருந்து கேட்டு, துண்டுக் கடதாசியில் பெயரை எழுதிப் போடும். யாருடைய பெயர் கூடுதலாக வருகிறதோ அவரை வரச்சொல்லிச் சபை கேட்கும். அதற்குப் பெயர் அழைப்பு. அந்த அழைப்புத்தான் எனக்கு வேண்டியிருந்தது. என் கணவரின் வேலை ஊர்காவற்றுறையில், பிள்ளைகள் இரண்டு பேரும் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில். இது கிடைக்காவிட்டால், மலைநாட்டில் நெடுநாளாக வெறுமையாக இருந்த ஒரு சபைக்குத் தனியாகப் போகவேண்டும். அல்லது வெண்கட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் கணிதத்துக்குப் போகவேண்டும்.

என்னோடு அதே அழைப்பைக் கேட்டு நின்றவள் அவள்தான்.

'அவர்' என்று எழுதுவதுதான் முறை. வகுப்பில் நாங்கள் ஒரே வயது. ஒருவரையொருவர் 'நீர்' என்றுதான் பேசினோம். எங்கள் பக்கத்து நீர் ஒரு நடுத்தரமான மரியாதை. 'நீங்கள்' என்று தள்ளி வைக்காது, 'நீ' என்று கிட்டவும் இழுக்காது. என் கணவரும் நானும்கூட அப்படித்தான் பேசிக்கொள்வோம். ஆனால் பொறாமையை எழுத உட்கார்ந்தால் 'அவர்' என்று கை வருவதில்லை. அவள் அவளாகவே இருக்கட்டும்.

அவள் ஊர்காவற்றுறைக்காரி. தலைமுறை தலைமுறையாகக் கடற்றொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பம். எங்கள் சபைப் பையன் ஒருவனைக் கலியாணம் கட்டி எங்கள் பக்கம் வந்தவள். அவன் கட்டாரில் வேலை செய்தான். கோயில் மாறியதற்காக அவளுடைய தாய் ஏழு வருடம் அவளோடு பேசவில்லை. நாங்கள் ஜெபம் என்போம். அவள் வாயில் கடைசிவரை செபம்தான். சின்ன வயதில் புத்தகத்தில் எழுதி வைத்ததையும் செபமாலையையும் சொல்லித்தான் வளர்ந்திருப்பாள், எழுதாமல் ஜெபிக்கிற எங்கள் வழக்கம் அவளுக்கு எங்கே வரப்போகிறது என்று முதல் நாள் நான் நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதி குசினியில் பத்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. விரிவுரையாளர் என்னை முதலில் ஜெபிக்கச் சொன்னார். நான் "மகா மகத்துவமுள்ள தேவரீர்" என்று தொடங்கி, தேவரீருடைய சமுகம், தேவரீருடைய கிருபை, தேவரீருடைய சித்தம் என்று ஒழுங்காக அடுக்கி முடித்தேன். அடுத்தது அவள்.

"ஆண்டவரே, நேற்று நீர் சொன்னது எனக்கு விளங்கேல்லை. இண்டைக்கு ஒருக்காத் திருப்பிச் சொல்லும். மெல்லமாச் சொல்லும். இந்தக் கிரேக்கமும் எனக்கு ஏலாமல் கிடக்கு. கோவிக்காதையும்."

அவ்வளவுதான். ஆமென்கூடச் சொல்ல மறந்துவிட்டாள். நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். விரிவுரையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ரீச்சர், உங்கட ஜெபத்திலை ஒரு இலக்கணப் பிழை இல்லை" என்றார். அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

அன்றிலிருந்து அவள் ஜெபிக்கும்போதெல்லாம் நான் கண்ணைத் திறந்துவிடுவேன். யார் யாருடைய முகம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பேன். பார்த்துப் பார்த்து எரிவேன். கிரேக்கத்தில் அவளுக்கு நாற்பதைத் தாண்டாது, எனக்கு எண்பதுக்குக் குறையாது. எண்பதை வைத்து என்ன செய்வது? எண்பதைக் கேட்டு யாரும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதில்லை.

வீட்டில் இரகசியமாகப் பழகியும் பார்த்தேன். ஒரு நாள் பின்னேரம் அறைக் கதவைச் சாத்திவிட்டு, அவளைப் போலவே சாதாரணமாகக் கதைப்போம் என்று தொடங்கினேன். அடுத்த அறையிலிருந்து கணவர் கேட்டார்.

"ஆரோடை கதைக்கிறீர்?"

"ஒருத்தரோடையும் இல்லை" என்றேன்.

சொன்ன பிறகுதான், அது எவ்வளவு உண்மை என்று எனக்கே உறைத்தது. அதோடு பழகுவதை விட்டேன். தேவரீரிடமே திரும்பிப் போனேன்.

இரண்டாம் வருடம் நாங்கள் ஆறு பேரும் சாட்டிக் கடற்கரைக்குப் போனோம். சோற்றுப் பொதிகளை விரித்து வைத்துவிட்டு, அவளை ஜெபிக்கச் சொன்னார்கள். அவள் சாப்பாட்டுக்கு நன்றி சொல்லிவிட்டு, "காலமை வலை வலிச்சவைக்கும் பசிக்கும், அவையையும் பாரும்" என்றாள். பக்கத்தில் நயினாதீவுக் கோயிலுக்குப் போய்விட்டு வந்த ஒரு குடும்பம் இருந்தது. நெற்றியில் குங்குமம் காயாத ஓர் அம்மா எழும்பி வந்தார். ஆறு பேரில் அவளைத்தான் தேடி வந்தார். "பிள்ளை, என்ர மகளுக்குக் கலியாணம் சரிவருகுதில்லை, ஒரு வார்த்தை சொல்லிவிடுமன்" என்று கையைப் பிடித்தார். அவளுக்குப் பக்கத்தில் நான்தான் இருந்தேன், பெரிய கறுப்பு வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு. அந்த அம்மா என்னைத் தாண்டித்தான் கையை நீட்டினார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மீன்பொரியல் நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள்.

கடைசி வருடம் பரீட்சைப் பிரசங்கங்களுக்கு இரண்டு ஞாயிறு குறித்தார்கள். முதல் ஞாயிறு அவளுக்கு, அடுத்தது எனக்கு. அவள் பேசிய அன்று ஹார்மோனியத்தில் இருந்தவள் நான். பிரசங்கம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கோயில் வாசல் படலையடியில் ஒரு வயதான மனுசி வந்து நின்றார். உள்ளே வரவில்லை. கையில் செபமாலை இருந்தது. அவளுடைய தாய். ஏழு வருடத்துக்குப் பிறகு மகளின் குரலைக் கேட்கவென்று பஸ் ஏறி வந்து, வேறு கோயிலுக்குள் கால் வைக்க மனமில்லாமல் வெயிலில் நின்றார். அவள் அதைக் கண்டாள். கண்டதும் ஒரு வசனத்தில் தடுமாறினாள். அந்தத் தடுமாற்றத்துக்கே முன்வரிசை மூக்கை உறிஞ்சத் தொடங்கிவிட்டது.

நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லவேண்டும். கடைசிப் பாட்டை வேண்டுமென்றே ஒரு கட்டை உயர்த்தி வாசித்தேன். அவளுக்குக் குரல் எட்டக்கூடாது என்று. அவளுக்கு எட்டியது. சபைக்குத்தான் எட்டவில்லை.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் பிரசங்கத்தைச் சொல்லிப் பார்க்கவென்று தனியாகக் கோயிலுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. யாரும் இல்லை என்று நினைத்தேன். பிரசங்க மேடையில் ஏறி, மூன்று தலைப்புகளில் முதலாவதைத் தொடங்கினேன். இரண்டாவது வாங்கு கண்ணில் பட்டது. எப்போதும் அவள் இருக்கிற இடம். அவ்வளவுதான், தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அவள் அங்கே இருக்கிறாள் என்று வைத்துக்கொண்டு, மூன்று வருடம் வயிற்றில் கிடந்ததையெல்லாம் வாய்விட்டுச் சொன்னேன்.

"நீர் வர முதல் நான் நல்லாத்தான் இருந்தனான். நீர் வாய் திறந்தால் எல்லாரும் அழுகினம். நான் வாய் திறந்தால் மணிக்கூட்டைப் பாக்கினம். எல்லாத்தையும் நீரே எடுத்துப் போட்டீர். எனக்கு என்ன மிச்சம் வைச்சனீர்? எனக்கு உம்மைப் பிடிக்கேல்லை. மூண்டு வருஷமாப் பிடிக்கேல்லை. ஆனால் எனக்கு உம்மை மாதிரி இருக்கத்தான் ஆசை. அது ஏலாது எண்டும் தெரியும். இந்த ஒரு இடத்தையாவது எனக்கு விடும். நான் வேறை ஒண்டும் கேக்கேல்லை."

சொல்லி முடித்து மேடையிலேயே குந்தியிருந்து அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பிரசங்கத்தைச் சொல்லிப் பார்க்கவில்லை.

மறுநாள் அதற்கேற்ற மாதிரியே பிரசங்கம் போனது. மூன்று தலைப்பு, பதினெட்டு நிமிடம், ஒரு பிழை இல்லை. மணிக்கூட்டைப் பார்த்தவர்களை நான் மேடையிலிருந்தே எண்ணினேன். ஒன்பதுக்குப் பிறகு எண்ணவில்லை. ஆராதனை முடிந்ததும் வாக்கெடுப்புக்குச் சபை இருந்தது. போட்டியிடுகிறவர்கள் உள்ளே நிற்கக்கூடாது என்பதால் அவளையும் என்னையும் வெளியே அனுப்பினார்கள். வேப்பமரத்தடியில் நின்றோம். அன்று அவளுடைய தாய் வரவில்லை. "அம்மா நேற்று ரெலிபோன் எடுத்தவ. இஞ்சை கிடைச்சால் ஞாயிறு மத்தியானத்திலை சாப்பிட வரட்டாம்" என்றாள். எனக்கு அதையும் கேட்கப் பிடிக்கவில்லை. அவளுக்கு வாக்கு வேண்டியதற்கு இன்னொரு நியாயம் இருப்பது எனக்கு இடைஞ்சலாக இருந்தது.

கோயிலின் யன்னல்கள் திறந்தே கிடந்தன. உள்ளே பேசுவது மரத்தடிவரை கேட்டது. அவளுக்குத்தான் போடவேண்டும் என்று இரண்டு மூன்று பேர் பேசினார்கள். எனக்குத் தெரிந்த குரல்கள். அதில் ஒன்று நான் பின்னம் படிப்பித்த குரல். அதன்பிறகு சபையின் மூத்த மூப்பர் எழும்பினார். திருவிருந்துக்குப் பாவிக்கிற சின்னஞ்சிறு கண்ணாடிக் கிண்ணங்களை வேறு யாரையும் தொடவிடாமல் தானே கழுவுகிறவர்.

"நேற்றுப் பின்னேரம் நான் உள்ளறையிலை கிண்ணம் கழுவிக்கொண்டு நிண்டனான். ரீச்சர் தனிய வந்து கர்த்தரோடை சண்டை பிடிச்சவ. ஒளிச்சு நிண்டு கேட்டது பிழைதான். ஆனால் கேட்டிட்டன்" என்றார்.

அவர் ஒரு சொல் விடாமல் சொன்னார். நீர் வாய் திறந்தால் எல்லாரும் அழுகினம். எனக்கு உம்மைப் பிடிக்கேல்லை. எனக்கு உம்மை மாதிரி இருக்கத்தான் ஆசை. நான் ஒருத்தியைத் திட்டிய அதே சொற்கள் அவருடைய நடுங்கும் குரலில் வேதத்திலிருந்து வாசிப்பதுபோல யன்னலால் வெளியே வந்தன.

"நாப்பது வருஷமா இந்தக் கோயிலிலை ஜெபம் கேக்கிறன். கர்த்தரிட்டை, எனக்கு உம்மைப் பிடிக்கேல்லை எண்டு உண்மை சொன்ன ஒருத்தரையும் நான் கேட்டதில்லை. பிரசங்கத்தை விடுங்கோ. இப்பிடி ஜெபிக்கிற ஆள்தான் எனக்குச் சாகேக்கை பக்கத்திலை நிக்கவேணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

நான் பக்கத்தில் நின்றவளைப் பார்க்கவில்லை. பார்க்காமலே, அவள் அசையாமல் நிற்பது தெரிந்தது. யாரோ ஒருவர் உள்ளே, "ரீச்சர் அப்பிடியும் ஜெபிப்பாவோ?" என்று கேட்டார். மூப்பர் வெளியே வந்தார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"ரீச்சர், ஒளிச்சுக் கேட்டதுக்கு மன்னிக்கவேணும். அது உங்கட ஜெபந்தானே? ஒரு ஆள் நம்புறாரில்லை."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன் என்று எழுத எனக்கு ஆசை. வாயெடுக்கவில்லை. நிலத்தில் கிடந்த வேப்பம்பழங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதில் வந்தது பக்கத்திலிருந்து.

"ஓம் ஐயா. அவ தனிய இருந்தால் அப்பிடித்தான் செபிக்கிறவ. நான் கேட்டிருக்கிறன்."

மூப்பர் அவளை முழுதாக நம்பினார். யார்தான் நம்பமாட்டார்கள்? மூன்று வருடத்தில் அவள் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அது. அதையும் என்னைவிட நன்றாகச் சொன்னாள்.

மூன்று வாக்கு வித்தியாசத்தில் அழைப்பு எனக்கு வந்தது. எல்லாரும் கையைப் பிடித்தார்கள். சிலர் அழுதார்கள், எனக்காக இந்தச் சபையில் யாரும் அழுதது அதுதான் முதல் தடவை. அவள் கடைசிவரை நின்று, தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்து வைத்து, பிறகு பஸ்ஸுக்கு நடந்தாள். நான் கூடவே போனேன். என்ன சொல்வதென்று தெரியாமல்தான் போனேன். பஸ் தரிப்பில் நின்றபோது அவளே தொடங்கினாள். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீர் கடவுளைத் தேவரீர் எண்டெல்லோ கூப்பிடுறனீர்" என்றாள்.

நான் பஸ் வருகிற பக்கம் பார்த்தேன்.

"நீர் எண்டு என்னையும் உம்மட மனுசனையும்தான் சொல்லுறனீர். உம்மட மனுசன் வாய் திறந்து ஒருத்தரும் அழுததாக நான் கேள்விப்படேல்லை."

பஸ் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. அவள் சில்லறையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அப்ப நீர் என்னட்டைத்தானே கேட்டனீர்? இந்த ஒரு இடத்தை விடச் சொல்லி. விட்டிட்டன்."

"அம்மாவுக்கு என்ன சொல்லப் போறீர்?" என்று கேட்டேன். அதைக் கேட்க எனக்கு என்ன உரிமை இருந்ததோ தெரியவில்லை.

"மலைநாடு குளிர், நல்ல கம்பளி ஒண்டு தாங்கோ எண்டு கேக்கப் போறன்" என்று சொல்லிவிட்டு ஏறினாள். இடம் கிடைக்கவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி போனாள்.

இப்போது இந்தச் சபையில் எனக்கு நான்காவது வருடம். அவள் மலைநாட்டில் இருக்கிறாள். அங்கே ஆராதனைக்கு இடம் போதாமல் வெளியே தறப்பாள் கட்டுகிறார்களாம் என்று கேள்விப்பட்டபோது எனக்குப் பழையபடி எரிந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு அவளுடைய தாய் வந்து படலையடியில் நிற்பார். உள்ளே கூப்பிட்டால் வரமாட்டார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, அது மகளின் குரல் இல்லை என்பதை உறுதிப்படுத்திக்கொண்டு போகிறவர் மாதிரிப் போய்விடுவார். நான் ஒரு முறைகூட அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.

மூப்பர் இன்னமும் கிண்ணம் கழுவுகிறார். ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனைக்கு முன்னம், "ரீச்சர், அண்டைக்குப் போல ஜெபியுங்கோ" என்பார். அவர் கேட்பதற்காகத் தேவரீரை நான் விட்டுவிட்டேன். மேடையில் ஏறி "நீர்" என்றுதான் தொடங்குகிறேன். உம்மைக் காணவேணும் போல கிடக்கு என்பேன். நீர் தந்ததை வைச்சிருக்க எனக்கு வெக்கமாக் கிடக்கு என்பேன். சபை அழுகிறது, மணிக்கூட்டை யாரும் பார்ப்பதில்லை. நான் அப்போதெல்லாம் இரண்டாவது வாங்கைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். மற்றவர்கள் கண்ணை மூடியிருப்பதால் ஒருவருக்கும் தெரியாது.